திரையில் ஓடிய படகு

மூளை அலைப் பயிற்சியால் ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க விடாமல் வலிக்கும் நோயின் வலி தீரும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ‘தீரும்’ என்ற சொல்தான் இடிக்கிறது. நான் தண்டையார்பேட்டை, தையல் வேலை. போன வருடம் இந்த வலிக்காக ஒரு பயிற்சி மையத்துக்கு 20 தடவை போய் வந்தவள்.

தலையில் பசையைத் தடவி ஒயரை ஒட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு படகு. நொடிக்கு 12 முதல் 15 தடவை வரை துடிக்கும் மூளை அலை கூடினால் படகு ஓடும். பல்லைக் கடித்தால் நின்றுவிடும். தாடைத் தசையின் மின்சாரமும் கலந்துவிடுமாம். முதல் வாரம் அசையவே இல்லை, அப்புறம் ஓடியது. தூக்கம் கொஞ்சம் நன்றாக வந்தது, அதை மறைக்க மாட்டேன். தோளும் இடுப்பும் அப்படியேதான். மின்ட்டில் பஸ் மாறி, கூட்டத்தில் நின்றுகொண்டே வீடு வந்து, முடியில் காய்ந்துபோன பசையைச் சீயக்காய் போட்டுத் தேய்க்கக் கையைத் தூக்கினால் உயிர் போகும்.

இதில் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. சிலருக்கு மூளை அலையோடு சம்பந்தமில்லாமல் திரை ஓடும் போலிப் பயிற்சி கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தவை இன்னும் குறைவு. ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார் 2016இல் இந்த நோய்க்கு அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். அந்த மையத்தில் இதை யாரும் சொல்லவில்லை. 20 தடவைக்கும் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது காலையில் காசிமேடு வரைக்கும் நடக்கிறேன். தையல் மிஷினில் மணிக்கு ஒரு தடவை எழுந்து நிற்கிறேன். வலி இருக்கிறது, ஆனால் ஜாக்கெட் தைத்து முடிக்க முடிகிறது. யாராவது இலவசமாக ஒயரை ஒட்டினால் தூக்கத்துக்காக மறுபடியும் போவேன், சரியா?