அமெரிக்காவின் 5.6 லட்சம் கோடி டாலர் 'காணாமல் போன' கதை

"2001-ல் அமெரிக்க அரசின் கையில் 5.6 லட்சம் கோடி டாலர் உபரி இருந்தது, அதை அப்படியே சுருட்டிவிட்டார்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. எண் சரி, கதை தப்பு.

அந்தப் பணம் கஜானாவில் இருந்ததே இல்லை. 2002 முதல் 2011 வரை பத்து ஆண்டுகளில் சேரக்கூடும் என்று, அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2001 ஜனவரியில் போட்ட கணக்கு அது. இந்த அலுவலகம் கணக்குப் போடும் விதமே தனி. இன்றைய வரிச் சட்டமும் செலவுச் சட்டமும் இப்படியே தொடர்ந்தால் என்ன ஆகும் என்றுதான் பார்க்கும். நாளை யார் எந்தச் சட்டம் கொண்டுவருவார்கள் என்று ஜோசியம் பார்ப்பது அதன் வேலையல்ல.

அப்புறம் நடந்ததோ வேறு. 2001 மார்ச்சில் பொருளாதார மந்தம் தொடங்கியது. ஜூனில் பெரிய வரிக்குறைப்பு, 2003-ல் இன்னொன்று. நடுவில் ஆப்கானிஸ்தான், ஈராக் போர்கள். முதியோருக்கான மருந்துச் செலவுத் திட்டமும் சேர்ந்தது. 2008 நெருக்கடியில் வரி வருவாய் சரிந்தது. கடைசியில் அந்தப் பத்தாண்டில் விழுந்தது சுமார் 6.1 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை.

இந்தத் தலைகீழ் மாற்றத்தில் பாதிக்கு மேல், பின்னால் வந்த சட்டங்களின் விளைவு. அவையெல்லாம் பகிரங்கமாக வாக்கெடுத்து நிறைவேறியவை. ரகசியத் திருட்டு ஒன்றும் இல்லை. மீதி, பொருளாதாரத்தைத் தப்பாக எடைபோட்டதால் வந்தது. அதற்காக அலுவலகத்தை விமர்சிக்கலாம், தாராளமாக. ஆனால் கணிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்று அதே அறிக்கையே படம் போட்டுக் காட்டியிருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் பகிர்வதில்லை.