மடிப்புக் கோட்டோடு தொங்கும் துணிகள்

மாதக்கணக்கில் நெய்து, சாயம் தோய்த்த துணியை எட்டாக மடித்துப் பையில் கொண்டுவந்து அப்படியே உத்தரத்தில் கட்டிவிடுகிறார்கள். மாணவர் கண்காட்சிகளில் வயிற்றெரிச்சலே இதுதான். பக்கவாட்டு விளக்கில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கோடாக நிழல் கட்டுகிறது. பார்ப்பவர் கண் நெசவுக்குப் போவதே இல்லை. 3 அங்குல பிவிசி குழாயில் சுருட்டி எடுத்து வாருங்கள். தொங்கவிட்ட பிறகு பின்பக்கமிருந்து நீராவி இஸ்திரி காட்டுங்கள்.

அடுத்தது, துணியைத் தூண்டில் நரம்பில் தொங்கவிடுவது. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலை ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். இரண்டு மூலையில் மட்டும் கட்டினால் நடுவில் தொப்பை விழும். நைலான் நரம்பு பாரத்தில் நீளும், முடிச்சும் வழுக்கும். மேல் விளிம்பில் உறை தைத்து அலுமினியக் குழாய் நுழைத்து, மூன்று இடத்தில் மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டினால் நேராக நிற்கும்.

விவரச் சீட்டில் 'கலப்பு ஊடகம்' என்று மட்டும் எழுதுவது அநியாயம். இழை பருத்தியா, மரக்கூழில் செய்யும் விஸ்கோஸா? சாயம் அவுரிச் செடியின் நீலமா, ரசாயனச் சாயமா? சொல்லுங்கள்! அதே துணியில் உள்ளங்கை அளவு துண்டொன்றைப் பக்கத்தில் மாட்டிவிட்டால், ஜனங்கள் தொட்டுப் பார்க்க அதைத் தேடிப் போவார்கள். படைப்பில் வியர்வைக் கறை படியாது.