கிளவுஸைக் கழட்டிட்டு மணலைத் தொட விடுங்க

அந்த போட்டோவை இதுக்குள்ள எல்லாரும் பார்த்திருப்பீங்க. ராஜஸ்தான்ல ஜெய்சல்மேர் பக்கம் ஒரு சூழலியல் முகாம்ல வரிசையா பள்ளிக்கூடப் பிள்ளைங்க, ஆளுக்கொரு மரக்கன்னு, கையில வெள்ளை கிளவுஸ். "பாலைவனத்தைப் பசுமையாக்கும் பிஞ்சுக் கைகள்"னு தலைப்பு. ரெண்டு நாளா மனசு ஆறல.

அது பொட்டல் காடு இல்லைங்க, சேவண் புல் நிலம். ஆடு மாடு மேயுற இடம். கானமயில்ங்கிற பெரிய பறவை அந்த மாதிரி வெட்டவெளியிலதான் தரையில ஒத்தை முட்டை இடும். உலகத்துலயே ஏறக்குறைய 150தான் மிச்சமிருக்கு. அதுக்கு வேண்டியது புல்வெளி, தோப்பு இல்ல. இதைச் சொல்லிக் கொடுக்காம என்ன சூழலியல் முகாம்?

பன்னிரண்டு வருஷமா ஜோத்பூர்ல இருக்கேன். பையன் நாலாவது படிக்கிறப்ப ஒருநாள் விடியக்காலம் ஊருக்கு வெளிய கூட்டிட்டுப் போனேன். மணல்ல சின்னதா ஒரு புனல் குழி. நம்ம குழியானைதான், குழிக்குள்ள ஒளிஞ்சு எறும்பு பிடிக்கிற பூச்சி! குப்புறப் படுத்துட்டான். ஓரத்துல ஒரு எறும்பு சறுக்குச்சு. எறும்பு மேல ஏற ஏற அடியிலிருந்து குழியானை மணலை விசிறி அடிக்குது. அரை மணி நேரம் அவன் அசையல. பரீட்சையில "பாலைவன உயிரினங்கள்"னு கேட்டதுக்குக் குழியானைன்னு எழுதிட்டு வந்தான். சிவப்பு மையில அடிச்சு "ஒட்டகம்"னு திருத்தியிருந்தாங்க. நோட்டை என் கையில கொடுத்துட்டு ஒண்ணும் பேசல. இன்னும் வலிக்குது.

"பாம்பு, தேள் இருக்குமே"ம்பீங்க. இருக்கும். குளிர்காலத்துல, காலையில, ஷூ போட்டு, தடம் பார்க்கத் தெரிஞ்ச உள்ளூர் மேய்ப்பர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. வெயிலுக்கும் அதே பதில்தான்.

"மரம் நடுறது கூட தப்பா?" இதைத்தான் நிறைய பேர் கேட்பீங்க. எந்த மரம், எந்த இடத்துலன்னு கேட்கிறது தப்பா? சீமைக்கருவேலத்தைப் பத்தி நமக்கு யாராவது சொல்லணுமா? இங்கயும் அதைப் பசுமைக்காகன்னுதான் விதைச்சாங்க. இப்ப மேய்ச்சல் நிலத்தையெல்லாம் அது பிடிச்சுக்கிட்டு நிக்குது.

மரத்தோட அருமையை இந்த ஊருக்கா சொல்லிக் கொடுக்கறீங்க? 1730-ல கேஜட்லி கிராமத்துல வன்னி மரத்தை வெட்ட விடாம கட்டிப்பிடிச்சு 363 பிஷ்னோய் சமூகத்து மக்கள் உயிரை விட்டாங்க. ஜோத்பூருக்குப் பக்கத்துலதான். கம்பங்கொல்லையில நிக்கிற வன்னிக்கடியில பிள்ளைங்களை உட்கார வைங்க. அந்த நிழல்ல கம்பு எப்படி வளருதுன்னு அவங்களே பார்க்கட்டும். வன்னிக் காய் அவங்க வீட்டுச் சமையல்லயே இருக்கு. அந்தப் பிள்ளைங்க கிட்டப் போய் உங்க ஊர்ல ஒண்ணுமே இல்ல, நாங்கதான் பச்சையாக்கணும்னு சொன்னா, அதுங்க தன் மண்ணைப் பத்தி என்ன நினைக்கும்?

நான் டீச்சர் இல்லதான். ஆனா அந்த போட்டோவுல கடைசி வரிசையைப் பெருசாக்கிப் பாருங்க. ஒரு பொண்ணு கிளவுஸைக் கழட்டி மடியில வெச்சுட்டு, குந்தி உட்கார்ந்து மணல்ல எதையோ பார்த்துட்டிருக்கு. பின்னாலிருந்து ஒரு கை அது தோளைப் பிடிச்சுத் தூக்குது. அது என்ன பார்த்துச்சுன்னு அங்க ஒருத்தராவது கேட்டீங்களா?