காரில் போனால் சிலிண்டர், ரயிலில் போனால் கத்திகூடக் கூடாதா?

பின்னலாடை வியாபாரமாகத் திருப்பூரிலிருந்து லண்டனுக்குப் போகிற எங்களைப் போன்ற சிலருக்கு, வேலை முடிந்த கையோடு ரயிலேறிப் பிரான்சுக்குப் போய், ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சில நாள் கூடாரமடித்துத் தங்கிவர வேண்டும் என்று ஆசை. அதற்குக் குறுக்கே நிற்பது விசாவோ பணமோ அல்ல, கூடாரத்தோடு எடுத்துப்போகும் கத்தியும் கைக்கோடரியும்தான் என்றால், இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

கோவை விமான நிலையத்தில் அதே கத்தியை உறையிலிட்டு, துணிகளுக்கு நடுவே சுற்றி, பெரிய பையில் வைத்துக் கவுண்டரில் கொடுத்துவிட்டால், அது பாலைவனமும் கடலும் தாண்டி லண்டனில் பத்திரமாக வந்து இறங்குகிறது. அங்கிருந்து பாரிசுக்குப் போகிற யூரோஸ்டார் ரயிலிலோ, கடலடியில் உள்ள ஐம்பது கிலோமீட்டர்ச் சுரங்கத்தைத் தாண்ட அதற்கு அனுமதி இல்லை. பைகள் எல்லாம் எக்ஸ்ரே கருவிக்குள் போய்வர வேண்டும். அலகு 3 அங்குலத்துக்கு உட்பட்ட மடக்குக் கத்தி தப்பிக்கும், மற்றவை நின்றுவிடும், கோடரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விமானத்திலாவது பையை வாங்கி அடியில் போட்டுக்கொள்கிறார்கள். ரயிலில் மொத்த மூட்டையும் பயணியோடுதான் வருகிறது. விமான நிலையத்துக் கெடுபிடியை மட்டும் கொண்டுவந்தவர்கள், அந்தக் கெடுபிடியைப் பொறுத்துக்கொள்ள வைக்கும் ஒரே வசதியை ஏன் கொண்டுவரவில்லை?

என் கத்தி பொள்ளாச்சிப் பக்கத்துக் கொல்லுப்பட்டறையில் சொல்லி அடித்தது. புளியமரக் கைப்பிடி, நான்கு அங்குல அலகு. வெங்காயம் நறுக்கியதும் கயிறு அறுத்ததும் தவிர வேறு பாவம் அறியாதது. டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு அலமாரிக்குள்ளேயே திரும்ப வைத்தாயிற்று.

கூடாரத்தில் சமைக்க எடுத்துப்போகும் கேஸும் இந்த ரயிலில் கூடாது; அதில் எனக்குச் சண்டையே இல்லை. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிய சிலிண்டரால் ஒன்பது பேர் உயிரிழந்ததைப் படித்த யாரும் அதற்கு வாதாட மாட்டார்கள். சிறிய கேனை இறங்குகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே சுரங்கத்தில் கார்களை ஏற்றிச்செல்லும் ரயில் ஒன்றும் ஓடுகிறது. அதில் வண்டியோடு போகிறவர் சமையலுக்கென்று 47 கிலோ வரையுள்ள சிலிண்டரைக் கொண்டுபோகலாம் என்று விதியே இருக்கிறது. நம் வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ என்பதால், கணக்குப் பார்த்தால் அது மூன்று வீட்டு அடுப்புக்கு மேல் வருகிறது! முதுகில் பை சுமப்பவனுக்கோ 230 கிராம் கேனுக்கும் தடை. கார் வைத்திருப்பவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு ஒரு நீதி என்பதைப் பாதுகாப்பு என்று எப்படி ஒப்புக்கொள்வது?

இத்தனைக்கும் பாரிசில் இறங்கி ஜெனீவா ரயிலைப் பிடித்தால், இன்னொரு நாட்டு எல்லையைத் தாண்டுகிற அந்தப் பயணத்துக்கு எக்ஸ்ரே வரிசையே இல்லை. லண்டனில் ஆபத்தான அலகு அங்கே போனதும் மழுங்கிவிடுகிறதா?

ஈரோட்டில் சைக்கிளைக்கூடப் புக் செய்து சாமான் ஏற்றும் பிரேக் வேனில் அனுப்புகிறார்கள், பயணி தன் இருக்கையில் நிம்மதியாக உட்கார்ந்து வருகிறார். ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள ரயிலில், பயணிகள் கைபடாத இடத்தில் பூட்டிய அலமாரி ஒன்றை வைத்து, கத்தியை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்து, இறங்குமிடத்தில் திருப்பித் தருவதற்கு என்ன கேடு? கட்டணம் கேட்டாலும் கட்டிவிட்டுப் போகிறோம்.