கவுன்சிலிங் போதுமா? மனச்சிதைவு பற்றிய ஃபார்வர்டும் உண்மையும்

“மனச்சிதைவுக்கு மாத்திரையே வேண்டாம், எந்த கவுன்சிலரிடமும் போனால் சரியாகிவிடும்; அவர்கள் எல்லாரும் அதற்குப் படித்தவர்கள்தான்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்பது இல்லாத குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் கொண்ட மனநோய்.

இந்தியாவில் ‘கவுன்சிலர்’ என்று பலகை மாட்டியிருப்பவர்களின் படிப்பு ஒரே அளவு கிடையாது. சில மாதச் சான்றிதழ் படிப்பும் உண்டு, முதுகலை உளவியலும் உண்டு. மருத்துவ உளவியலாளர் வேறு. எம்.ஃபில் போன்ற படிப்பை மருத்துவமனைப் பயிற்சியோடு முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் யார் என்று பட்டியல் போடுகிறது. மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் எல்லாம் அதில் உண்டு. ‘கவுன்சிலர்’ என்ற பெயர் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகத் திட்டுகிறார் என்கிறான் ஓர் இளைஞன். பயிற்சி உள்ளவர் அதை ‘மன அழுத்தம்’ என்று விட்டுவிட மாட்டார். அந்தக் குரல் ஏதாவது செய்யச் சொல்கிறதா, எத்தனை நாளாகத் தூக்கமில்லை, கஞ்சா பழக்கமா, காய்ச்சல், வலிப்பு இருந்ததா என்று கேட்பார். அப்புறம் மாத்திரை. அதை மருத்துவர்தான் எழுத முடியும். மனச்சிதைவுக்கான குளோசபின் மருந்தை எடுப்பவருக்கு ரத்த வெள்ளணு எண்ணிக்கையும், முக்கியமாக இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியம் எடுப்பவருக்கு ரத்தத்தில் அதன் அளவும் தொடர்ந்து பார்க்க வேண்டும். பேச்சில் முடிகிற வேலையா இது?

அதற்காக, பேச்சு சிகிச்சை வீண் என்று எதிர்ப்பக்கம் கிளப்பிவிடுவதும் அபத்தம். மருந்தோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் நோயைப் புரியவைத்தால் நோய் திரும்புவது குறைகிறது. மருந்துக்குப் பதிலாக என்பதுதான் பொய்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.