முதல்ல தகடு, அப்புறம் ஏவுகணை

கடைசி வருஷ இன்ஜினியரிங் ப்ராஜெக்ட்டுக்கு ஹைப்பர்சோனிக் (ஒலியைப் போல சுமார் அஞ்சு மடங்கும் அதுக்கு மேலயும் போற வேகம்) எடுக்கிற தம்பி, தங்கச்சிகளுக்கும், அதுக்கு மார்க் போடுற ஆசிரியர்களுக்கும் சேர்த்தே எழுதுறேன். ஒரு சாதாரணத் தட்டைத் தகட்டு மேல காத்து ஓடுறதைக் கம்ப்யூட்டர்ல சரியா கணக்குப் போட்டுக் காட்டாதவங்க ஏவுகணை மூக்கைத் தொடக்கூடாது. இதுல எனக்குச் சமரசமே இல்ல.

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்துப் பிள்ளைங்க ரிவ்யூவுக்கு முன்னாடி ரிப்போர்ட்டை எங்கிட்ட காட்டுவாங்க. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் நீலமுமா கான்டூர் படம், அதாவது அழுத்தமும் வெப்பமும் எங்க எவ்வளவுன்னு நிறத்துல காட்டுற படம். "அண்ணா, ரெசிடுவல் நல்லா இறங்கிடுச்சு"ன்னு சந்தோஷமா சொல்வாங்க. ரெசிடுவல்ங்கிறது சமன்பாட்டுல மிச்சமிருக்கிற பிழை. அது இறங்கினா சமன்பாடு தீர்ந்துடுச்சுன்னுதான் அர்த்தம், விடை சரின்னு இல்ல. சுவரை (காத்து உரசுற பரப்பை) ஒட்டின முதல் செல்லுக்கு, அதாவது கணக்குக்காக வெட்டின முதல் கட்டத்துக்கு, ஒய் ப்ளஸ் எவ்வளவுன்னு கேட்டா பதில் வராது. அந்தக் கட்டம் சுவருக்கு எவ்வளவு நெருக்கம்னு சொல்ற எண் அது. சுவர் வெப்பநிலை? "300 கெல்வின்ணா." ஏன் 300? "மென்பொருள்ல அதுவே இருந்துச்சுண்ணா, மாத்தல."

விஷயமே அந்த 300-லதான் இருக்கு. வெளிக்காத்து 220 கெல்வின், வேகம் மேக் 5, அதாவது ஒலிவேகத்தைப் போல 5 மடங்குன்னு வச்சுக்கோங்க. தகட்டை ஒட்டின காத்து உராய்வுல வேகத்தை இழக்குது, அந்த இயக்க ஆற்றல் வெப்பமாகுது. கொந்தளிப்பான எல்லைப் படலத்துல (சுவரை ஒட்டி வேகம் குறைஞ்சு ஓடுற மெல்லிய காத்து அடுக்குல), சுவர் வெப்பத்தை உள்ள வாங்கலேன்னா, சுவரோட வெப்பநிலை வெளிக்காத்தைப் போல சுமார் 5.45 மடங்கு. அதாவது 1200 கெல்வினைத் தொடும். படலத்துக்குக் குறுக்கே அழுத்தம் கிட்டத்தட்ட மாறாது. அதனால சுவர்கிட்ட அடர்த்தி ஐந்துல ஒரு பங்குக்கும் கீழ போயிடும். படலம் தடிக்கும், உராய்வு குறையும். சுவரை 300-ல பிடிச்சு வச்சா கதையே வேற. அங்க அடர்த்தி ஏறும், வெப்பம் சுவருக்குள்ள பாயும். 300 தப்புன்னு சொல்லல. சில நொடி மட்டுமே ஓடுற காற்றுச் சுரங்கச் சோதனையில சுவர் சூடாக நேரமே இருக்காது, அங்க அதுதான் சரி. ஆனா தெரிஞ்சு வைக்கணும்.

கொந்தளிப்புச் சுழல்களோட விளைவைத் தோராயமா கணக்குல சேர்க்க நாம தேர்ந்தெடுக்கிற மாடல்களும் அப்படித்தான், தெரிஞ்சு வைக்கணும். ஸ்பாலார்ட்-ஆல்மராஸ் மாடல் வந்தது 1992, மென்டரோட எஸ்எஸ்டி மாடல் 1994. ரெண்டையும் பெரும்பாலும் குறைவேக ஓட்டங்களை வச்சுத்தான் சரிபார்த்துச் செஞ்சாங்க. அடர்த்தி ஏற்ற இறக்கம் சின்னதா இருக்கிறவரை, சராசரி அடர்த்தி மாற்றத்தைக் கணக்குல எடுத்தாலே போதும்ங்கிற மார்கோவின்ங்கிற ஆய்வாளரோட கருத்தை நம்பித்தான் அதிவேகத்துக்கும் அதையே ஓட்டுறோம். மேக் 5-ஐத் தாண்டினா, அதுவும் குளிர்ந்த சுவர்னா, அந்த நம்பிக்கை ஆட்டம் காணுது. மாடலே இல்லாம எல்லாச் சுழலையும் நேரடியா கணக்குப் போடுற டிஎன்எஸ் முறையை நம்ம காலேஜ் லேப் தாங்காது.

அதனாலதான் தகடு. கொந்தளிப்பு மாடல்களைச் சரிபார்க்க நாசா லாங்லி உருவாக்கின டர்புலன்ஸ் மாடலிங் ரிசோர்ஸ் தளத்துல மேக் 2, மேக் 5 தகட்டுக் கணக்கு இருக்கு, வான் ட்ரீஸ்ட் சூத்திரம் தர்ற உராய்வுக் கோட்டோட ஒப்பிட்டுப் பார்க்கலாம். காத்தோட்டத்தைக் கணக்குப் போடுற எஸ்யூ2 மென்பொருள் இலவசம், சாதா லேப்டாப் போதும். மெஷ்ஷை (அந்தக் கட்டங்களோட வலையை) நெருக்கி நெருக்கி ஓட்டுங்க. உராய்வு எண் நகராம நிக்குதான்னு பாருங்க.

தகடுன்னா இளக்காரமா? சதீஷ் தவான் அமெரிக்காவுல கால்டெக் பல்கலைக்கழகத்துல செஞ்சது தகட்டு வேலைதான். தகட்டுல ஒரு சின்னத் துண்டைத் தனியா மிதக்கவிட்டு, காத்து அதை இழுக்கிற விசையை ஒலிவேகத்துக்குக் கீழேயும் மேலேயும் நேரடியா அளந்தார். 1953-ல நாகா (நாசாவுக்கு முந்தின அமெரிக்க அமைப்பு) அறிக்கையா வந்தது. எண்ணூர் மொட்டை மாடியில நின்னு நாம பார்க்கிற ராக்கெட் கிளம்புற ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கு அவர் பேருதான்.

போன வருஷம் ஒரு பொண்ணு தகட்டை முறையா செஞ்சு, ஒப்பீட்டு கிராஃபோட ரிவ்யூக்குப் போச்சு. "இவ்வளவுதானா?"ன்னு கேட்டு மார்க்கைக் குறைச்சாங்க. அதே நாள்ல ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கின ஏவுகணைப் படத்துக்குக் கைதட்டு. எனக்கு இன்னும் ஆறல. ஆசிரியர்களே, கலர் படத்தைத் திருப்புறதுக்கு முன்னாடி உராய்வு கிராஃபைக் கேளுங்க. இல்லேன்னா ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்க.

தகடு போட நினைக்கிறவங்க ஞாயித்துக்கிழமை காலையில பெரம்பூர் வரலாம். இன்பாக்ஸ்ல சொல்லிட்டு வாங்க, லேப்டாப் இல்லாதவங்களும் வாங்க.