பூங்காவுக்கு முன் பகுதி சபை

எங்கள் வார்டு வேட்பாளர் பூங்கா, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் என்று முன்னுரிமைகளை அடுக்கியிருக்கிறார்; வரவேற்கிறேன். ஆனால் வார்டு மக்கள் பகுதி பகுதியாகக் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று சென்னையை அடுத்த பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் ஸ்டாலினே கலந்துகொண்டார். கிராம சபைபோல நகரத்தாரும் எழுந்து கேள்வி கேட்கலாம் என்று அன்று மனம் நிறைந்தது. எங்கள் பகுதியிலோ கூட்டம் என்றால் முதல்நாள் இரவுதான் தகவல் வருகிறது, அதுவும் வேண்டியவர்களுக்கு மட்டும். வேலைநாள் காலை பதினொரு மணிக்கு யார் வர முடியும்? ரேஷன் கடைச் சுவரில் ஒரு வாரம் முன்பே அறிவிப்பு ஒட்டி, ஞாயிறு மாலையில் நடத்துங்கள். எந்த முனையில் தண்ணீர் தேங்குகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று பெண்களே புட்டுப் புட்டு வைப்பார்கள். இதற்கு எழுத்தில் உறுதி கொடுத்தால் எங்கள் வீட்டு ஓட்டு அவருக்குத்தான்.